மடை திறந்திருக்கும், தண்ணீர் வராது

சாமர்த்தியநல்லூருக்கு வழி கேட்டு யாரும் போய்ச் சேர்ந்ததில்லை. கேட்டால் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கூடி, கையை நீட்டி, ரொம்ப அக்கறையாக வழி சொல்வார்கள். கேட்டவர் சாயங்காலத்துக்குள் தன் ஊருக்கே திரும்பி வந்திருப்பார். அப்படியானால் அந்த ஊர்க் கதை நமக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர்களே சந்தைக்குப் போகிறோம் என்று கிளம்பி, வழி தவறி நம் பக்கம் வந்து சொன்னதுதான்.

அந்த ஊரில் சங்கிலிமுத்து என்று ஒருவன் இருந்தான். தங்கமான மனுஷன். ஒரு பொறுப்பை அவன் தலையில் வைத்துவிட்டால், வீடே இடிந்து விழுந்தாலும் அதை முடிக்காமல் விடமாட்டான். கண்மாய்க்குக் கீழே வாய்க்கால் போய் முடிகிற கடைக்கோடியில் அவனுக்கு முக்கால் ஏக்கர் வயல். அந்த வருஷம் நெல் நட்டிருந்தான். பயிர் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டி நின்றது. இந்தச் சமயத்தில் ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர் வெளியே வரும். பாயாவிட்டால் மாடுகூட முகர்ந்து பார்க்காது. போன வருஷமும் விளைச்சல் பொய்த்துப் போனதால் வீட்டில் நெல் கொட்டி வைக்கிற குதிருக்குள் பூனை குட்டி போட்டிருந்தது.

தண்ணீருக்கு ஒன்றும் பஞ்சமில்லை. கண்மாய் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. மடையை அடைத்திருக்கிற பலகையைத் தூக்கினால் வாய்க்கால் நிறைய ஓடும். ஆனால் அந்தப் பலகையை எப்போது தூக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது ஜமீன்தார். அவரோ அன்றைக்குத்தான் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு, மகளோடு இருக்கப் போகிறேன் என்று ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஜமீனெல்லாம் ஒழிந்துபோன காலம் அது.

வண்டி நகர்ந்ததும் ஆதிமூலம் பின்னாலேயே ஓடினார். ஆதிமூலம் ஊருக்குப் பெரியவர். வயதில் இல்லை, உடம்பில். அந்த உடம்பைப் பார்த்த மரியாதையில்தான் ஊர் அவரை எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்தும்.

"ஐயா, இனிமே எங்களுக்கு யாரு உத்தரவு போடுவா?"

"நீங்களேதான்யா. உங்களுக்குன்னு ஒரு சட்டம் எழுதிக்கங்க. எல்லாரும் உட்கார்ந்து பேசுங்க."

"சரிங்கய்யா. அப்புறம்?"

"எதிர்த்தரப்பு என்ன சொல்லுதுன்னு கேக்காம எதையும் முடிவு பண்ணாதீங்க."

"அப்புறம்?"

"ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நடுவுக்கு வாங்க."

"அதுக்கப்புறம் ஐயா?"

வண்டி வேகம் எடுத்துவிட்டது. ஜமீன்தார் வண்டிக்காரன் பக்கம் திரும்பி, "மாட்டுக்கு வைக்கோல் போட்டியாடா?" என்று கேட்டார்.

ஆதிமூலம் நின்றுவிட்டார். நாலு விரலை மடக்கி, நாலு புத்திமதியையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு, மூச்சு வாங்க ஊருக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையில் கண்மாய்க் கரைக்குக் கீழே, மடைக்கு முன்னால் வாய்க்கால் தொடங்குகிற இடத்தில், ஊரே கூடியது. வாய்க்கால்தான் காய்ந்து கிடக்கிறதே, உட்கார வாட்டமாக இருந்தது. ஆதிமூலம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மாட்டுக்கு வைக்கோல் போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றது ஊர். மாடு இல்லாதவர்களும் சொன்னார்கள். சட்டம் எழுதுகிற இடத்தில் ஒருத்தர் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நன்றாகவா இருக்கும்?

நாகலிங்கம் அதையே முதல் வரியாக எழுதிக்கொண்டான். ஊரிலேயே எழுதத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். படிக்கத் தெரியாது. எழுதினால் போதாதா, படிக்க வேறு வேண்டுமா என்று அவனும் விட்டுவிட்டான்.

சங்கிலிமுத்து வரும்போதே தோளில் மண்வெட்டியோடு வந்திருந்தான். "அண்ணே, மத்ததெல்லாம் நிதானமா எழுதுவோம். முதல்ல மடையைத் திறந்துருவோம். பயிரு வாடுது" என்றான்.

"நீ நின்னுகிட்டுப் பேசுற" என்றார் ஆதிமூலம். "உட்கார்ந்து பேசணும்னு உத்தரவு. நின்னவன் பேச்சு கணக்குல வராது."

சங்கிலிமுத்து உட்கார்ந்து, அதையே திரும்பச் சொன்னான். மடையைத் திறக்கலாம் என்று எல்லாக் கையும் தூக்கப்பட்டது. தொப்புளான் என்று ஒருத்தன், எதிலும் சந்தேகம் கேட்கிறவன், அவன்கூட இரண்டு கையையும் தூக்கினான். அவனுக்கும் வயல் இருக்கிறதே. சங்கிலிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"இரு மாப்ளே" என்றான் நாகலிங்கம். "எதிர்த்தரப்பைக் கேக்கலையே."

ஊர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது. எதிர்த்தரப்பைக் காணோம். வாய்க்காலுக்குள் இங்கும் அங்கும் தேடினார்கள். கரைக்கு மேலே ஏறிப் பார்க்கச் சொல்லி ஒருத்தனை அனுப்பினார்கள். அங்கேயும் ஒரு கொக்குதான் நின்றது.

"எதிர்க்கிறதுக்கு ஒரு ஆளு இல்லாம நாம எப்படிச் சட்டம் எழுதுறது?" என்று ஆதிமூலம் கவலைப்பட்டார்.

"பக்கத்து ஊர்ல இரவல் கேக்கலாமா?" என்றான் தொப்புளான். "நம்மள எதிர்க்கிறதுக்கு அங்க ஆளு நிறைய இருக்கு."

"வெளியூரு ஆளு நம்ம தண்ணியைப் பத்தி என்னத்தைப் பேசுவான்? விஷயம் தெரிஞ்சவன் பேசினாத்தான் கேக்கலாம்."

"அப்ப நம்ம ஊர்ல தண்ணியைப் பத்தி அதிகமா தெரிஞ்சவன் யாரு?"

"யாருக்குத் தண்ணி ரொம்ப வேணுமோ அவனுக்குத்தான் தெரியும்."

"யாருக்கு ரொம்ப வேணும்?"

எல்லாத் தலையும் சங்கிலிமுத்து பக்கம் திரும்பியது. தண்ணீர் வேண்டாம் என்று பேசுவதற்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று ஊர் ஏகமனதாக முடிவு பண்ணியது. அவனுக்கு முதலில் திக்கென்றது. ஆனால் ஆதிமூலம் தன் தோள்துண்டை எடுத்து அவன் தலையில் முண்டாசாகக் கட்டி, "ஊரே உன்னை நம்பி இருக்கு தம்பி" என்று சொன்னதும் மனசு குளிர்ந்துபோனது. பேச்சுக்குத் தயார் பண்ண ஒருநாள் அவகாசம் கொடுத்தார்கள்.

வீட்டில் பொன்னுருவி காத்திருந்தாள். அவன் பெண்டாட்டி. ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் கொஞ்சம் விவரம் உண்டு என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் உள்ளூரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மடை திறந்தாச்சா?"

"இல்ல புள்ள. நாளைக்கு நான் அதை எதிர்த்துப் பேசணும்."

பொன்னுருவி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "எதை எதிர்த்து?"

"மடை திறக்கிறதை."

"நம்ம பயிருதானே காயுது?"

"அதனாலதான் என்னைப் போட்டாங்க. எனக்குத்தான் விஷயம் தெரியுமாம்."

"அந்தப் பயிரு போச்சுன்னா இந்த வருஷம் பூரா அடுப்புல என்னத்தை வைப்பேன்? உங்க முண்டாசையா?"

"எனக்கும் வயிறு எரியுது புள்ள. ஆனா பொறுப்புன்னு ஒண்ணு குடுத்துட்டாங்களே. ஏனோதானோன்னு பேசினா நல்லாவா இருக்கும்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து, மாட்டைப் பார்த்து, பொழுது சாய்கிறவரை பேசிப் பழகினான். மாடு மறுத்து எதுவும் சொல்லவில்லை. அதில் அவனுக்கு நம்பிக்கை கூடிப்போயிற்று.

மறுநாள் கூட்டத்தில், வைக்கோல் விசாரணை முடிந்ததும், முதலில் ஆதிமூலம் மடை திறக்க வேண்டும் என்று பேசினார். சங்கிலிமுத்துவின் வயலையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். பயிர் தலை தொங்கி நிற்பதை, நிலம் வெடித்து அதற்குள் ஓணான் போய் வருவதை, பொன்னுருவி வெறும் குதிருக்குள் கையை விட்டுப் பார்ப்பதையெல்லாம் அப்படியே கண்முன் கொண்டுவந்தார். கேட்கக் கேட்கச் சங்கிலிமுத்துவுக்குத் தாரை தாரையாகக் கண்ணீர் வந்தது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று அந்த வயல்காரனுக்காக அழுதான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"ஐயா, இந்தக் கண்மாய் எத்தனை கஷ்டப்பட்டு நிறைஞ்சிருக்கு? ஒவ்வொரு துளியா மேலருந்து விழுந்து சேர்ந்தது. அதை ஒரே நாள்ல தொறந்து விடுறது மனுஷன் செய்யிற காரியமா? அதுக்குள்ள மீனு குடும்பத்தோட இருக்கு. நம்ம வீட்டுச் சுவரை ஒருத்தன் வந்து எடுத்தா நாம சும்மா இருப்போமா? சரி, பயிருக்குத் தண்ணி விட்டுட்டோம். அது அதோட நிக்குமா? அடுத்த வாரமும் கேக்கும். பழக்கிவிட்டது யாரு? நாமதானே. ஊருக்கு வர்ற விருந்தாளிக்குக் காட்டுறதுக்கு நம்மகிட்ட இருக்கிறதே இந்த ஒரு கண்மாய்தான். அதையும் காலி பண்ணிட்டு, இங்கதான் இருந்துச்சுன்னு குழியைக் காட்டப் போறோமா?"

குழியைக் காட்டப் போறோமா என்ற இடத்தில் தொப்புளான் தேம்பிவிட்டான். நாகலிங்கத்துக்கு எழுத்து மறைத்தது. ஆதிமூலம் மூக்கைச் சிந்திவிட்டு, தான் எவ்வளவு பெரிய பாவம் பண்ண இருந்தோம் என்று நடுங்கினார்.

கை தூக்கச் சொன்னார்கள். மடை திறக்கக் கூடாது என்று ஊரே கை தூக்கியது. திறக்க வேண்டும் என்று தூக்கிய கை ஒன்றே ஒன்று. அது சங்கிலிமுத்துவின் கை.

"என்னய்யா, நீயே பேசிட்டு நீயே மாத்திக் கை தூக்குற?" என்றார் ஆதிமூலம்.

"நீங்க பேசினதுல மனசு இளகிருச்சுண்ணே. அந்த வயக்காரன் பாவம் இல்லையா?"

"நல்லதாப் போச்சு" என்றான் நாகலிங்கம். "இப்ப ஊரு திறக்கக் கூடாதுங்குது, இவன் திறக்கணுங்குறான். அப்பவும் எதிர்த்தரப்பு இவன்தான். வேற ஆளு தேட வேண்டாம்."

இப்படியே விட்டால் இவர்கள் பக்கம் மாறி மாறிப் பேசியே பயிரைக் கருக்கிவிடுவார்கள் என்று பொன்னுருவிக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவே வந்து, சட்டப்படி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஜமீன்தாரு மூணாவதா ஒண்ணு சொன்னாரே. விட்டுக்கொடுத்து நடுவுக்கு வாங்கன்னு. பலகையைப் பாதி தூக்குங்க. பாதித் தண்ணி வயலுக்கு, பாதித் தண்ணி கண்மாய்க்கு. முடிஞ்சுது."

ஊர் யோசித்தது. நல்ல யோசனை மாதிரிதான் இருந்தது. அதனாலேயே அவர்களுக்குச் சந்தேகம் வந்தது.

"பாதி தூக்கினா தண்ணி வருமா வராதா?" என்றான் தொப்புளான்.

"வரும்."

"வந்தா அது திறந்த மாதிரிதானே? திறக்கக் கூடாதுன்னு சொன்ன எங்களுக்கு இதுல என்ன கிடைச்சுது? ஒரு தரப்பு மட்டும் ஜெயிக்கிறது நடுவுக்கு வர்றதா?"

"நியாயம்" என்றார் ஆதிமூலம். "திறக்கணுங்கிறவனுக்கும் முழுசா வேணும், கூடாதுங்கிறவனுக்கும் முழுசா வேணும். அப்பத்தான் சண்டை வராது."

பொன்னுருவி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். காலையில் திறந்து மாலையில் மூடலாம் என்றாள். அப்படியானால் காலையில் ஒரு தரப்பும் மாலையில் இன்னொரு தரப்பும் அழும் என்று தள்ளிவிட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாள். எந்த நாளில் ஆரம்பிப்பது என்பதற்குத் தனியாக ஒரு சட்டம் வேண்டும் என்றார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. வயல் பக்கமிருந்து அனல் காற்று அடித்தது. அதில் தன் பயிர் வாடுகிற வாடையே வந்ததாகச் சங்கிலிமுத்துவுக்குத் தோன்றியது.

கடைசியில் நாகலிங்கம் தான் எழுதியதை எல்லாரும் கேட்கும்படி வாயால் சொன்னான். மடை திறந்திருக்கும். தண்ணீர் வராது.

ஆகா என்றது ஊர். இதைவிட நடுவாக எதுவும் இருக்க முடியாது. திறக்கணும் என்றவனுக்கு மடை திறந்தாகிவிட்டது. கூடாது என்றவனுக்குத் தண்ணீர் நின்றாகிவிட்டது. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டார்கள். பொன்னுருவி மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சட்டம் வந்தால் அதை நடத்திக் காட்ட வேண்டுமே. நாலு பேர் சேர்ந்து பலகையை மேலே இழுத்தார்கள். அது விலகி மேலே போகப் போக, கீழே உண்டான இடைவெளியில் ஆதிமூலம் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து போய் உட்கார்ந்தார். அந்த மடைக்கு என்றே அளவெடுத்துச் செய்த உடம்பு அது. இடமும் இல்லை, வலமும் இல்லை, சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. எடுத்த பலகையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு எல்லாரும் பழையபடி வாய்க்காலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். மடைக்குள் இருந்தபடியே ஆதிமூலம் கூட்டத்தை நடத்தினார்.

கொஞ்ச நேரம் போயிற்று. ஆதிமூலத்தின் உதடு நீலம் பாரித்தது.

"முதுகு சில்லுனு இருக்கு" என்றார். "மீனு வேற என்னமோ விசாரிக்குது. நான் எந்திரிக்கலாமா?"

அவர் எழுந்தால் மடை திறந்துகொள்ளும், தண்ணீர் ஓடும், பயிர் பிழைக்கும். பொன்னுருவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஊருக்கும் அவர்மேல் இரக்கம்தான். எழுந்திருக்கட்டும் என்று எல்லாக் கையும் தூக்கப்பட்டது. அடுத்த கணம் எல்லாக் கண்ணும் சங்கிலிமுத்துவைப் பார்த்தது.

"எதிர்த்தரப்பு என்ன சொல்லுது?" என்றான் நாகலிங்கம்.

சங்கிலிமுத்து தன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றிக்கொள்ளும். வயலை நினைத்தான். அப்புறம் தலையிலிருந்த முண்டாசைத் தொட்டுப் பார்த்தான். பொறுப்பு, பொறுப்புதான்.

"எந்திரிக்கக் கூடாது" என்று தொடங்கினான். "நம்ம ஆதிமூலம் அண்ணன் இன்னிக்கு எந்திரிச்சா நாளைக்கு எல்லாரும் எந்திரிப்பாங்க. ஊர்ல உட்கார்ந்திருக்க ஒரு ஆளு மிஞ்சாது. இவரு உட்கார்ந்திருக்கிறது மடையில இல்லைங்க, சட்டத்துல. உடம்பு நடுங்கலாம், சட்டம் நடுங்கலாமா?"

அருமையான பேச்சு. கேட்டவர்களில் அதிகமாக உருகியது ஆதிமூலம்தான். அவர் கண்ணில் நீர் முட்டியது.

"நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார் தழுதழுத்து. "எதிர்த்தரப்பு சொல்றதுதான் சரி. இந்தா, அதுக்கு என் ஓட்டு." இரண்டு கையையும் உற்சாகமாக மேலே தூக்கினார்.

அதுவரை அந்தக் கைகள்தான் மடையின் இரண்டு பக்கச் சுவரையும் பிடித்துக்கொண்டிருந்தன.

கண்மாய் அவரைப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியது. ஆதிமூலம் புட்டி மூடி கழன்ற மாதிரி வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் தண்ணீர் வந்தது. வாய்க்காலுக்குள் உட்கார்ந்திருந்த ஊர் மொத்தமும், தொப்புளான், நாகலிங்கம், பொன்னுருவி, எல்லாரும் உட்கார்ந்த வாக்கிலேயே கிளம்பினார்கள். கூட்டம் முடிந்ததாக யாரும் சொல்லாததால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. வழியில் தொப்புளான், "நாம இப்ப எதைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்?" என்று கேட்டதாகவும், அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்ததாகவும் சொல்கிறார்கள்.

வாய்க்கால் எங்கே முடியும்? சங்கிலிமுத்துவின் வயலில்தான் முடியும். வரப்பு உடைந்து, தண்ணீரும் சட்டசபையும் ஒன்றாக உள்ளே போய்ச் சேர்ந்தன. வெடித்துக் கிடந்த நிலம் கடகடவென்று குடித்தது. இடுப்பளவு பயிருக்கு நடுவே அங்கங்கே தலைகள் முளைத்திருந்தன. பொன்னுருவி சேற்றை அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். பிழைத்தோம் என்று இருந்தது அவளுக்கு.

"ஆனா இது சட்டப்படி வந்த தண்ணி இல்ல" என்றான் நாகலிங்கம், காதுக்குள்ளிருந்து ஒரு நத்தையை எடுத்துக்கொண்டே. "தண்ணீர் வராதுன்னு எழுதியிருக்கேன். வந்திருக்கு. திருப்பி அனுப்பணுமா, இருக்கட்டுமா?"

"பாவம், இவ்வளவு தூரம் வந்துட்டு" என்றார் ஆதிமூலம். "இருந்துட்டுப் போகட்டும்."

எல்லாக் கையும் சேற்றோடு தூக்கப்பட்டது. அப்புறம் எல்லாத் தலையும் சங்கிலிமுத்து பக்கம் திரும்பியது. இதையும் எதிர்த்தால் ஊரே குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீரைக் கண்மாய்க்குத் திருப்பிச் சுமக்கும். அவன் பேசி ஊர் மாறாமல் இருந்த சரித்திரமே இல்லை. இருந்தாலும் வாயைத் திறந்தான்.

அவன் முதல் வார்த்தையைச் சொல்வதற்குள் பொன்னுருவி பின்னாலிருந்து அவன் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்திவிட்டாள். அப்படியே பிடித்தும்கொண்டாள். நின்றபடியே சங்கிலிமுத்து பேசினான். வாழ்க்கையில் அதுமாதிரி அவன் பேசினதே இல்லை. அழையாமல் வந்த தண்ணீரை ஏற்றுக்கொண்டால் நாளைக்குப் புயல் வரும், பூகம்பம் வரும், மாமியார் வருவாள் என்றெல்லாம் பொளந்து கட்டினான். ஊர் வாய் பிளந்து கேட்டது.

"எதிர்த்தரப்பைக் கேட்டாச்சா?" என்றாள் பொன்னுருவி.

"கேட்டாச்சு" என்றது ஊர்.

"நின்னவன் பேச்சு கணக்குல வருமா?"

"வராது."

"அப்ப தண்ணி இருக்கட்டும்னு எழுதிக்க நாகலிங்கம்."

ஜமீன்தார் எதிர்த்தரப்பைக் கேட்கத்தான் சொன்னாரே தவிர, அது சொன்னபடி செய்யச் சொல்லவில்லை என்பது அன்றைக்குத்தான் ஊருக்கு விளங்கியது. அதன் பிறகு சட்டம் எழுதுவது மளமளவென்று நடந்தது.

பலகையை மட்டும் யாரும் திரும்ப மடையில் போடவில்லை. எப்படிப் போடுவது? மடை திறந்திருக்கும் என்று எழுதியாகிவிட்டதே. தண்ணீர் வராது என்றும் எழுதியிருப்பதால் ஆதிமூலம் தினமும் காலையில் போய் மடையில் உட்கார்ந்தார். அவர் கஞ்சி குடிக்க எழுந்திருக்கும்போதெல்லாம் வாய்க்கால் ஓடியது. பயிருக்குத் தண்ணீர் வேண்டும் என்று தோன்றினால் பொன்னுருவி கரையில் நின்று பணியாரம் சுடுவாள். வாசனை பிடித்ததும் ஆதிமூலம் தானாக எழுந்துவிடுவார். அந்த வருஷம் சங்கிலிமுத்துவின் வயலில் கதிர் மண்ணைத் தொட்டுக்கொண்டு விளைந்தது.

ஆனால் அடுத்த போகத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. ஆதிமூலம் எப்போது எழுந்திருக்கலாம் என்று உத்தரவு போட முறையாக ஒரு தலைவர் வேண்டும். இனிமேல் பணியாரத்துக்கு எழுந்தால் செல்லாது என்று தொப்புளான் ஆட்சேபம் கிளப்பிவிட்டான். அவன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்புவதற்குள் பணியாரம் தீர்ந்துபோகிறதாம்.

யாரைத் தலைவராகப் போடுவது என்று பேசினார்கள். ஆதிமூலம் மடையை விட்டு வர முடியாது. அப்போது நாகலிங்கம் ஒன்று கேட்டான். "பலகை செய்யிற வேலையை அண்ணன் செய்யிறாரு. அப்ப அண்ணன் செஞ்ச வேலையைப் பலகை செய்யணுமா இல்லையா?"

ஒருத்தருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. பலகையைக் கழுவி, சந்தனம் பூசி, ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். அதை எதிர்த்து நிற்க ஒரு ஆள் வேண்டுமே. எதிர்த்தரப்பு என்று ஊரில் சம்பிரதாயப்படி இருந்தது சங்கிலிமுத்து. அவன் நின்றான்.

பொன்னுருவி அந்தத் தேர்தலுக்குப் பட்ட பாடு கொஞ்சமில்லை. புருஷன் ஜெயித்துவிட்டால் ஆதிமூலத்தை எழுப்புவதும் உட்கார வைப்பதும் அவன் கையில். காலாகாலத்துக்கும் கடைக்கோடி வயலுக்கு முதல் தண்ணீர். வீடு வீடாகப் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டாள். புது நெல்லைப் படி படியாக அளந்து கொடுத்தாள். ஊரில் பாதி அவள் பக்கம் வந்துவிட்டது.

கூட்டத்தில் முதலில் சங்கிலிமுத்து பேசினான். பலகையின் குற்றங்குறைகளை அடுக்கி, தனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று மூச்சு விடாமல் பேசினான். பிறகு பலகையின் முறை வந்தது. ஊர் அமைதியாகக் காத்திருந்தது. பலகையும் அமைதியாக இருந்தது. சங்கிலிமுத்து பேசிய அதே நேர அளவு அதற்கும் கொடுத்தார்கள். ஒரு சத்தம் இல்லை.

ஓட்டை எண்ணினார்கள். சங்கிலிமுத்து ஒரே ஒரு ஓட்டில் தோற்றுப்போனான்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பொன்னுருவி கணக்குப் போட்டுப் பார்த்தாள். யார் யார் போடுகிறேன் என்றார்கள், யார் யார் கை தூக்கினார்கள் என்று திரும்பத் திரும்ப எண்ணினாள். ஒன்று இடித்தது. வாசலில் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"பலகைக்குத்தான்."

அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீயும்தானே கேட்டே புள்ள" என்றான் சங்கிலிமுத்து, கண் கலங்கி. "நான் அத்தனை குத்தம் சொல்லியும் பதிலுக்கு ஒரு வார்த்தை தப்பாப் பேசுச்சா அது? அப்படி ஒரு பேச்சைக் கேட்டப்புறம் வேற யாருக்குப் போட மனசு வரும்?"